தனியாக இருக்கும் நேரம்

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அலுவலகத்தில் என் மேசையில் உட்கார்ந்துகொண்டு, வெண்மதியின் முகவரியை என் போனில் படித்தேன். மந்தாரக்குப்பத்தில் தெருவின் பெயர், கீழே மளிகைக் கடை, பக்கவாட்டுப் படி, முதல் மாடி. போன் நம்பர். அடுத்த கட்டத்துக்கு மேலே 'தனியாக இருக்கும் நேரம்' என்று தலைப்பு. அதன் கீழ், 'மாலை 6 முதல் காலை 7 வரை, மகள் (6 வயது) உடன்' என்று இருந்தது.

இதைப் படிக்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. நெய்வேலி டவுன்ஷிப் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியலின் லிங்க் வந்தது. தொட்டேன், திறந்துகொண்டது. அந்தக் குழுவில் எண்ணூறு சொச்சம் பேர் இருக்கிறார்கள். அதில் பிரவின்குமாரும் ஒருவன்.

பிரவின்குமார் வெண்மதியின் கணவன். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் லாரி ஓட்டுகிறவன். போன தை மாதம் அவளுடைய இடது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். இரண்டு விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. கட்டுப் பிரித்த மறுநாள் அவள் மகளைத் தூக்கிக்கொண்டு திருவதிகையில் இருந்த அவன் வீட்டைவிட்டு வந்துவிட்டாள். எங்கள் ஆபீஸில் அவள் பார்த்துக்கொண்டிருந்த துப்புரவு வேலையையும் விட்டாள், அது அவனுக்குத் தெரிந்த வாசல் என்பதால். இப்போது சீருடை தைத்துக் கொடுக்கிறாள். ஏழு மாதமாக அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. வீட்டை வாடகைக்கு விட்ட மளிகைக் கடைக்காரருக்குக்கூட அவள் முழுக்கதை தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவள் நான்.

பட்டியலுக்கு அந்த முகவரியைக் கொடுத்தவளும் நான்தான்.

*

ஆடி மாதக் கடைசியில் எங்கள் பிளாக்கில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒன்றரை நாள் கிடந்தார். மகனுடைய குவார்ட்டர்ஸில் இருப்பவர். மகன் ட்ரெயினிங்குக்காக வெளியூர் போயிருந்தான். வாசலில் இரண்டு நாள் பால் பாக்கெட் சேர்ந்து கிடப்பதைப் பார்த்து பால்காரர்தான் ஆள் கூப்பிட்டார். டீச்சர் உயிர் பிழைத்துவிட்டார். அன்று மாலை, ஒன்பது பெண்கள் மட்டும் இருக்கும் எங்கள் சின்னக் குழுவில் நான் இரண்டு வரி எழுதினேன். தனியாக இருக்கிற பெண்களுக்குத் தினமும் காலையில் யாராவது போன் செய்து 'எழுந்தாச்சா' என்று கேட்கலாமே. ஒருவர் ஐந்து பேரைப் பார்த்துக்கொண்டால் போதும்.

அவ்வளவுதான் என் யோசனை. ஐந்து பெயர் ஒருத்திக்கு மனதிலேயே இருக்கும். எழுதி வைக்கவே வேண்டாம்.

அந்த இரண்டு வரியை யாரோ செங்குட்டுவனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்தான் டவுன்ஷிப் குழுவின் அட்மின். எங்கள் ஆலையில் மின் பராமரிப்பு என்ஜினீயர். கெட்டவர் இல்லை. இதை எழுத எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். ரத்தம் வேண்டும் என்று யார் கேட்டாலும் முதலில் ஓடுகிறவர். ஆனால் அவருக்கு ஒரு யோசனை கிடைத்தால் அது அன்று மாலைக்குள் திட்டமாகிவிட வேண்டும். திட்டத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு பேனர், பேனருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐந்நூறு மரக்கன்று நட்டார்கள். நட்ட அன்று எடுத்த படங்கள் மட்டும் அறுபதோ எழுபதோ வந்தன. தண்ணீர் ஊற்றுவது யார் என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். அவள் கேள்விக்குக் கீழே எட்டுப் பேர் கைகூப்பியிருந்தார்கள். சித்திரைக்குள் குச்சிகள் மட்டும் நின்றன. அதற்கப்புறம் ரத்த தானப் பட்டியல். அதில் செத்துப்போன ஒருவருடைய பெயர் இருந்தது. அவசரத்தில் யாரோ அந்த நம்பரைக் கூப்பிட, அவர் மனைவி எடுத்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவர் போனை எடுத்தேன்.

"கனகம் மேடம், சூப்பர் ஐடியா மேடம் இது. நம்ம டவுன்ஷிப்ல இதுவரைக்கும் யாருமே யோசிக்கலை" என்றார். திட்டத்துக்கு 'தோழி' என்று பெயர் வைத்துவிட்டதாகச் சொன்னார். ஃபார்ம் தயார் பண்ண மாதிரிக்கு நாலைந்து பெயர் வேண்டும், உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது என்றார்.

நான் சமையலறையில் நின்றுகொண்டே டைப் செய்தேன். மூன்று பெயர்கள் சுலபமாக வந்தன. நான்காவதாக வெண்மதி என்று எழுதி, தெருப் பெயர் வரைக்கும் வந்ததும் என் விரல் நின்றது. நின்றது என்பது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அடுப்பில் ரசம் கொதி வந்துகொண்டிருந்தது. 'அவளைக் கேட்க வேண்டாமா' என்று ஒரு நினைப்பு வந்தது. கூடவே, 'அவளைவிடத் தனியாக யார் இருக்கிறார்கள், அவளுக்குத்தானே முதலில் வேண்டும்' என்று இன்னொன்று வந்தது. இரண்டாவது நினைப்பு கேட்பதற்கு இதமாக இருந்தது. இருபத்திரண்டு வருட வேலையில் யாரும் என்னிடம் சூப்பர் ஐடியா என்று சொன்னதில்லை. மளிகைக் கடை, பக்கவாட்டுப் படி, போன் நம்பர், மகளோடு தனியாக இருக்கும் நேரம் எல்லாம் எழுதி அனுப்பினேன். தேடி அலையாமல் வந்து சேரட்டும் என்று.

யார் தேடி அலையாமல்? அதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

*

பட்டியலில் இருநூற்றுப் பதினேழு பெண்கள் இருந்தார்கள். பெயர், பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர், போன், தனியாக இருக்கும் நேரம். கடைசியாக ஒரு கட்டம். அதைப் பார்த்தபோதுதான் என் காது சூடானது. 'கணவர் / மகன் ஷிப்ட்' என்று இருந்தது.

நெய்வேலியில் ஒருவரைப் பார்த்தால் நலமா என்று கேட்பதற்கு முன்னால் என்ன ஷிப்ட் என்று கேட்போம். அது எங்களுக்கு மூச்சு மாதிரி. ஒரு வீட்டில் சைக்கிள் நிற்பதை வைத்தே அவர் எந்த ஷிப்ட் என்று பக்கத்து வீட்டுக் குழந்தை சொல்லும். அந்தப் பழக்கத்தில் யாரும் யோசிக்காமல் சேர்த்த கட்டம் அது. ஆனால் எழுதி, வரிசைப்படுத்தி, லிங்க் போட்டுவிட்டால் அதற்குப் பெயர் வேறு. இந்த வாரம் எந்தெந்த வீட்டில் ஆண் இல்லை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இல்லை, அங்கே இருக்கும் பெண்ணின் பெயர் என்ன, போன் நம்பர் என்ன. திருடனுக்கு இதைவிட உதவி செய்ய முடியாது. திருடனைவிட மோசமானவனுக்கும்.

விசாரித்ததில், பெரிய குழுவுக்கு இன்றுதான் வந்ததாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே பிளாக் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். ஃபார்முக்குக் கீழேயே பட்டியலின் லிங்க்கையும் போட்டிருந்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்த்து மற்றவர்களுக்கும் உற்சாகம் வரட்டும் என்று. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடக்க விழா. அதற்கப்புறம் பட்டியல் ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போகும். அங்கே முப்பதாயிரம் பேர்.

குழுவில் எழுதினேன். இந்தப் பட்டியலை உடனே மூடுங்கள், இதில் சம்மதம் கேட்காமல் சேர்த்த பெயர்கள் இருக்கின்றன என்று. செங்குட்டுவன் கைகூப்பினார். 'கவனிக்கிறேன் மேடம்' என்றார். அதற்குக் கீழே ஒருவர், நல்லது செய்தால் நாலு பேர் தடுக்கத்தான் வருவார்கள் தலைவா, நீங்கள் நடத்துங்கள் என்றார். மருதமுத்து என்று ஒருவர், நிலக்கரி கன்வேயரில் வேலை, 'மேடத்துக்கு பேனர்ல போட்டோ போடலைன்னு கோவம்போல' என்று எழுதிச் சிரிப்பு முகம் நான்கு வைத்தார். அதற்கு முப்பத்தொரு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதிப் பேர் என் மேசைக்கு வந்து கையெழுத்துப் போடுகிறவர்கள்.

மதியம் சின்னம்மாள் அக்கா போன் செய்தார். அறுபதைத் தாண்டியவர். கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்து இறந்துபோனார்; மகனுக்கு ஷிப்ட் வேலை; மருமகள் இல்லை. பட்டியலில் அவர் பெயர் பதினொன்றாவது.

"ஏம்மா கனகம், எம்பேர எடுக்கச் சொல்லிக்கினு இருக்கியாமே" என்றார். "இத்தினி வருசத்துல ஒருத்தரும் என்னப் பாத்து, நீ எந்நேரம் தனியா கெடக்கறன்னு கேட்டதில்ல. இந்தத் தம்பி கேட்டுச்சு. அதையும் புடுங்கிக்காத."

"அவர் கேக்கலைக்கா. ஒரு ஃபார்ம் கேட்டுச்சு."

"ஃபார்மாவது கேட்டுச்சே" என்றார்.

போனை வைத்த பிறகும் கோபம் இருந்தது. யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. சின்னம்மாள் அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெரு. நானும் கேட்டதில்லை.

*

மாலை ஆறரைக்கு செங்குட்டுவன் வீட்டுக்குப் போனேன். என் கணவர் பழனிவேல், போனில் பேசிக்கொள்ளலாமே, வீடு தேடிப் போனால் சண்டை மாதிரித் தெரியும் என்றார். சண்டைதான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

செங்குட்டுவனுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். தூங்கி எழுந்த முகத்தோடு பேனரின் டிசைனை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சண்முகப்பிரியா எனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் ஊஞ்சல் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

நான் வெண்மதியைப் பற்றிச் சொன்னேன், பெயரைச் சொல்லாமல் ஐந்தாவது வரி என்று. கணவன் தேடிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னேன். அவர் உடனே லேப்டாப்பைத் திருப்பி, அந்த வரியை அழித்தார். "முடிஞ்சது மேடம். இதுக்கா இவ்வளவு டென்ஷன்?" என்றார்.

எத்தனை பேர் ஏற்கெனவே பார்த்தார்கள் என்று கேட்டேன். அது காட்டாது என்றார். யாராவது தன் போனில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தால்? அப்படியெல்லாம் யார் செய்யப்போகிறார்கள் என்றார். மற்ற இருநூற்றுப் பதினாறு பேர்? அவர்களாகவே நிரப்பினார்கள் என்றார். நிரப்பும்போது இதை ஊரே பார்க்கும் என்று அவர்களுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். பொறுமையாக இருக்கிறவர்களின் பார்வை அது. பொறுமையாக இருப்பதாகத் தங்களுக்கே காட்டிக்கொள்கிறவர்களின் பார்வை.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க எதை எடுத்தாலும் ஓட்டை பாக்கறீங்க."

"ஓட்டை பாக்கறதுதான் சார் என் வேலை."

அது உண்மை. நான் லைன் கிளியர் எழுதுகிற மேசையில் இருக்கிறேன். ஒரு மோட்டாரைப் பழுது பார்க்க ஒருவர் கையை உள்ளே விட வேண்டும் என்றால், முதலில் அதற்கு வரும் மின்சாரத்தை நிறுத்தி, ஃப்யூஸைக் கழற்றி, சிவப்பு அட்டை மாட்டி, அதன் பிறகு அவரிடம் எழுதிக் கொடுப்போம். வேலை முடிந்ததும் வாங்கியவரே வந்து கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அவர் தராதவரை மின்சாரம் போகாது. யார் போனில் கத்தினாலும் போகாது.

"போன மாசம் ஒரு மோட்டாருக்கு நீங்க லைன் கிளியர் எடுத்தீங்க" என்றேன். "மேலேருந்து மூணு தடவை போன் வந்துச்சு, சப்ளை குடு, சப்ளை குடுன்னு. நான் கொடுக்கலை. நீங்க வந்து கையெழுத்துப் போட்டதுக்கப்புறம்தான் கொடுத்தேன். அன்னிக்கு நான் ஓட்டை பாக்கறேன்னு நீங்க சொல்லலை சார். ரொம்ப தேங்க்ஸ் மேடம்னு சொன்னீங்க. ஏன்னா உள்ள உங்க ஆளோட கை இருந்துச்சு."

"அது பிளான்ட் மேடம். இது சேவை. இதுக்கெல்லாம் பர்மிட் போட்டா எதுவுமே நடக்காது."

"இங்கயும் உள்ள ஒருத்தியோட கை இருக்கு."

சண்முகப்பிரியா எழுந்து வந்து, "என்ன லிஸ்ட் அது, காட்டுங்க" என்றாள். அவர் லேப்டாப்பைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தச் சின்ன அசைவை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அவள் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து, விரலால் மேலே தள்ளிக்கொண்டே போய் முதல் வரியில் நின்றாள்.

முதல் வரியில் அவள் பெயர் இருந்தது. சண்முகப்பிரியா, பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர், போன் நம்பர். கணவர் ஷிப்ட்: இந்த வாரம் நைட். தனியாக இருக்கும் நேரம்: இரவு 9.30 முதல் காலை 6.30 வரை.

"மாதிரிக்குப் போட்டேன் பிரியா" என்றார். "நாமளே போடலைன்னா மத்தவங்க எப்படிப் போடுவாங்க? அட்மினே தன் வீட்டைப் போட்டிருக்காருன்னா ஒரு நம்பிக்கை வரும்ல."

அவள் நிமிர்ந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிறவளின் முகம் மாதிரி இருந்தது.

"திங்கட்கிழமையிலேருந்து பத்தரை மணிக்கு மேல ஒரு போன் வருது" என்றாள். "எடுத்தா பேச மாட்டான். மூச்சு மட்டும் கேக்கும். நேத்து பேசினான். 'சார் டூட்டிக்குக் கிளம்பிட்டாரா'ன்னு கேட்டான்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா முதல்ல என்ன கேப்பீங்க? 'உன் நம்பர் அவனுக்கு எப்படிப் போச்சு'ன்னு கேப்பீங்க. அதான் சொல்லலை. மூணு நாளா நான் யார்கிட்ட நம்பர் கொடுத்தேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். காய்காரன், கேஸ்காரன், ஸ்கூல் வேன் டிரைவர்னு ஒவ்வொருத்தரா." அவள் குரல் உயரவில்லை. "இப்ப நான் கேக்கறேன். என் நம்பர் அவனுக்கு எப்படிப் போச்சு?"

செங்குட்டுவன் பட்டியலை மூடினார். மூடிவிட்டு, தன் போனில் வேறு எதிலிருந்தாவது திறக்கிறதா என்று பார்த்தார். என்னையும் என் போனில் பார்க்கச் சொன்னார். திறக்கவில்லை. மறுபடியும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். எனக்கு இரக்கம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. ஒரு பெண்ணின் பேச்சை நம்ப, அது தன் வீட்டு வாசல்வரை வந்து நிற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. ஒரு மணிநேரமாக நான் சொன்னதும் இதுதானே.

குழுவில் எழுத உட்கார்ந்தார். 'தொழில்நுட்பக் காரணங்களால் தோழி திட்டம் தள்ளிவைக்கப்படுகிறது' என்று எழுதிக் காட்டினார். நான் முடியாது என்றேன். சண்முகப்பிரியாவும் முடியாது என்றாள். அரைமணி நேரம் ஆனது. கடைசியில் உள்ளதை எழுதினார். சிலருடைய பெயர்களை அவர்களைக் கேட்காமல் சேர்த்துவிட்டோம், எல்லோருடைய விவரமும் யாரும் பார்க்கும்படி ஐந்து நாள் திறந்து கிடந்தது, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் உடனே சொல்லுங்கள், பட்டியலை எடுத்து வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள், தவறு என்னுடையது என்று. 'என்னுடையது' என்பதை அவராகவேதான் போட்டார்.

அனுப்பிய இரண்டாவது நிமிடம் மருதமுத்து கட்டைவிரலை உயர்த்தினார். அதன் பிறகு வரிசையாகக் கட்டைவிரல்கள், கைகூப்பல்கள், ஒரு ரோஜாப்பூ. திட்டத்தை அறிவித்தபோதும் இதே கட்டைவிரல்கள்தான் வந்தன. எதற்கு உயர்த்துகிறோம் என்று யாரும் படித்தமாதிரித் தெரியவில்லை.

கிளம்பும்போது சண்முகப்பிரியா வாசல் கேட் வரைக்கும் வந்தாள். "அக்கா, முதல்ல நீங்க சொன்ன ஐடியா, காலைல ஒரு போன், அது மட்டும் போதும்னா நான் செய்யறேன். தனியா இருக்கறவங்க ரெண்டு பேர் நம்பர் குடுங்க" என்றாள். நான் போனைத் திறப்பதற்குள், "அவங்களைக் கேட்டுட்டுக் குடுங்க" என்றாள்.

*

இரவு முழுக்க ஒரு வசதியான யோசனை என்னோடு படுத்திருந்தது. பட்டியல் மூடியாகிவிட்டது. ஐந்தாவது வரியை அழித்தாகிவிட்டது. எண்ணூறு பேரில் பிரவின்குமார் அதைத் திறந்திருப்பான் என்று என்ன நிச்சயம்? லாரி ஓட்டுகிறவனுக்கு இதையெல்லாம் படிக்க ஏது நேரம்? வெண்மதியிடம் சொன்னால் வீணாகப் பயப்படுவாள். இப்போதுதான் கொஞ்சம் தூங்க ஆரம்பித்திருக்கிறாள்.

இதில் ஒவ்வொரு வரியும் நியாயமாக இருந்தது. காலையில் பல் தேய்க்கும்போதுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. 'இதுக்கா இவ்வளவு டென்ஷன்' என்று நேற்று மாலை எனக்குச் சொன்ன குரல். நேற்று நான் செங்குட்டுவன் மேல் பட்ட கோபம் பொய் இல்லை. ஆனால் அது எனக்கு ரொம்பவும் சௌகரியமாக இருந்தது. அவர் செய்த தப்பு பெரியதாக இருக்க இருக்க, என்னுடைய நான்கு வரி டைப்பிங் சின்னதாகிக்கொண்டே போனது. எனக்கு அவர்மேல் கோபப்பட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மந்தாரக்குப்பம் போனேன். வெண்மதி தையல் மிஷினில் இருந்தாள். பக்கத்தில் காக்கி நிற டவுசர்கள் அடுக்கிக் கிடந்தன. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்து, மிதித்துக்கொண்டிருந்த பெடலை நிறுத்தினாள். "வாங்கக்கா. இந்நேரத்துல வந்துகினு இருக்கீங்க, ஆபீஸ் இல்லையா?"

உட்காராமலேயே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். செங்குட்டுவன் பெயரை ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். முகவரியைக் கொடுத்தது நான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் கடைசியில் சொன்னால் அதற்குள் நான் வேறு ஏதாவது சொல்லி அதை மூடிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அவள் ஊசியிலிருந்து நூலை எடுத்தாள். பிறகு கேட்டாள், "எப்பலேருந்து?"

"ஞாயித்துக்கெழமை."

"அஞ்சு நாளு." எழுந்து போய் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். "புதங்கெழமை கீழ கடையில ஒரு ஆள் வந்து, மாடியில யாரு குடியிருக்காங்கன்னு கேட்டானாம். கடைக்காரரு சொன்னாரு. வூடு வாடகைக்குத் தேடிக்கினு வந்திருப்பான்னு நெனச்சேன்."

அது பிரவின்குமாராக இருக்க வேண்டியதில்லை. அவன் அனுப்பிய ஆளாகக்கூட இருக்க வேண்டியதில்லை. நிஜமாகவே வீடு தேடிய ஒருவனாக இருக்கலாம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா வாணாம்னு சொல்லியிருப்பேன்க்கா. அவ்ளோதான்."

"தெரியும் வெண்மதி."

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதான் பயமா இருக்கு. கெட்டது செய்யறவன் வந்தா கதவச் சாத்திக்குவேன். உங்களுக்குத் தொறந்துதான வெச்சிருந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தை அந்த அறையில் எங்கேயும் போய் உட்காரவில்லை. என் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடு, ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்றேன். அவள் தலையை ஆட்டினாள். உங்கள் வீட்டை அவனுக்குத் தெரியும், ஆபீஸில் வேலை பார்த்தபோது தீபாவளிக்கு என்னை அங்கே வந்து இறக்கிவிட்டிருக்கிறான் என்றாள். போலீஸுக்குப் போகலாமா என்றேன். தை மாதமே போனோமே அக்கா என்றாள்.

பிறகு அவள் என்னை விட்டுவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். யாருக்கோ போன் செய்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினாள். பேச்சு முடியும்வரை நான் படிக்கட்டில் போய் நின்றேன். நிற்கச் சொல்லவில்லை, நிற்க வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. அரைமணி நேரத்தில் சாமான் ஏற்றும் ஒரு குட்டி யானை வண்டி வந்தது. கடைக்காரருக்குப் பாதி மாத வாடகை கொடுத்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை.

சாமான் அதிகம் இல்லை. மிஷினின் தலையை நானும் அவளுமாகத் தூக்கி இறக்கினோம். படியில் திரும்பும் இடத்தில் பாரம் என் பக்கம் சாய, அவள் அந்த மடங்காத விரல்களை அடியில் கொடுத்து நிமிர்த்தினாள். விடு, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பாய், இரண்டு பெட்டி, கேஸ் அடுப்பு, தைத்து முடித்த டவுசர் மூட்டை. மகளின் வண்ணப் பென்சில் டப்பாவை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள். போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் அவளை ஏற்றிக்கொள்வாள் போலிருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடம் என்று எனக்குத் தெரியும். இனிமேல் அதுவும் மாறிவிடும்.

டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது வேண்டும் என்றால் கூப்பிடு என்றேன். சரிக்கா என்றாள். அவளுடைய நம்பர் இன்றோடு போய்விடும் என்று இருவருக்கும் தெரியும்.

"எங்க போகணும்?" என்று டிரைவர் கேட்டான்.

வெண்மதி பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, காத்திருந்தாள். எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது புரிய. கதவிலிருந்து கையை எடுத்தேன். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனேன். இரண்டு பஸ்கள் நடுவில் போயின. அவை கடந்ததும், அவள் டிரைவர் பக்கம் குனிந்து ஏதோ சொல்வது தெரிந்தது. இங்கிருந்து கேட்காது. கேட்காத தூரத்தில்தான் நின்றிருந்தேன்.